குறிஞ்சாக்கேணித் துறையும் விண்வெளித் துறையும்

(குறிஞ்சாக்கேணியிற் கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஆசிரியரும் அலுவலரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை.)



விண்வெளியைப் பற்றிப் பேச வருமாறு எம்மை அழைத்தீர்கள். அழைப்புக் கிடைத்த மறுநாளே இவ்வூர் அன்பர் ஒருவர் எம்மைச் சந்தையிற் கண்டார். "சேர், ஆற்றைக் கடக்க வழியில்லாமற் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. இங்கே வந்தா சந்திரனுக்குப் போகும் வழியைச் சொல்லப்போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த எமக்கு அது நன்கு தெரிந்தது.

2021 நவம்பர் 23 ஆம் நாட் காலையை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பாலவேலை முடியாதிருந்த காலத்தில் மக்களை ஏற்றி இறக்கிய மிதப்புப் பாதை, நடு நீரிற் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். கரையிலிருந்து கூப்பிட்டாற் கேட்கும் தூரம்! அத்தனை சிறிய நீர்ப்பரப்பைக் கடக்க இயலாத நாம், 3,84,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சந்திரனைப் பற்றிப் பேசலாமா? கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் ஒதுங்கிச் செல்ல நாம் விரும்பவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அந்த அன்பருக்குச் சொல்லும் விடையென்றே கொள்ளுங்கள்.

முதலில் எமது பைத்தியத்தை ஒப்புக்கொள்கிறோம். விண்வெளிப் பைத்தியம் எம்மைப் பிடித்தது 1969 யூலையில். கச்சான் காற்று வீசும் காலம். துறையடித் தேநீர்க்கடையின் வானொலிப் பெட்டியைச் சுற்றி ஊரே நின்றது. இலங்கை நேரப்படி காலை எட்டரை மணிக்குச் சற்று முன்பாக ஆம்ஸ்ட்ரோங் என்னும் மனிதர் சந்திரனிற் காலடி வைத்தாரென்ற செய்தி வந்தது. சிலர் நம்பினர், பலர் நம்பவில்லை. "கட்டுக்கதை" என்றார் ஒருவர். தம்பலகாமக் குடாவிற் சிப்பிக்கு மூழ்கிப் பழகிய முதியவர் ஒருவர் மட்டும் நம்புவதா இல்லையா என்ற வழக்கில் இறங்கவேயில்லை. "அங்கே மூச்சுக்கு என்ன செய்தான்?" என்று கேட்டார். அன்று அக்கடையிற் கேட்கப்பட்ட கேள்விகளுள் அறிவுள்ள கேள்வி அது ஒன்றே என்பதை நாம் வளர்ந்த பின்னரே உணர்ந்தோம். அன்று மாலை வானிற் பாதி நிலா நின்றது. அதற்கு முன் எத்தனையோ முறை பார்த்த நிலாதான். ஆனால் அன்று அங்கே ஆள் இருந்தது.

மூழ்கத் தெரிந்தவருக்கே விண்வெளி விளங்கும் என்பதை எமக்குக் காட்டியவர் இன்னொருவர். அவர் ஆர்தர் சி. கிளார்க்.

கோணமலையடியில் ஒரு விண்வெளிக் கனவு

கிளார்க் இங்கிலாந்தில் 1917 இற் பிறந்தவர். உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையில் ராடார் வேலை பார்த்தவர். 1945 ஒக்தோபரில் ஒரு வானொலி இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமியைச் சுற்றிவர ஒரு நாள் எடுக்கும். பூமியும் ஒரு நாளில் தன்னைத்தானே சுற்றுகிறது. ஆகவே கீழிருந்து பார்ப்பவனுக்குச் செய்மதி ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அவ்வாறு மூன்று செய்மதிகள் இருந்தால் உலகின் மிகப் பெரும் பகுதிக்குச் செய்தி அனுப்பலாம்.

இதைக் கமக்காரருக்கு விளங்கச் சொல்வதானால், சூடு மிதிக்கும் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்வட்டத்திற் செல்லும் மாடு சிறிது தூரமே நடக்கிறது. வெளிவட்டத்து மாடு நெடுந்தூரம் நடக்கிறது. இரண்டும் ஒரு சுற்றை ஒன்றாகவே முடித்தால், உள்மாட்டுக்கு வெளிமாடு எப்போதும் பக்கத்தே நிற்பதாகவே தோன்றும். கிளார்க் கண்டது அந்த வெளிவட்டத்தின் சரியான தூரத்தை. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1957 ஒக்தோபர் 4 இலேதான் முதற் செய்மதியாகிய ஸ்புட்னிக் வானேறியது. கிளார்க் சொன்ன உயரத்தில் ஓரிடத்தில் நிலைத்த முதற் செய்மதி சின்கொம் 3. அது 1964 இல் ஏவப்பட்டது. இன்று உங்கள் கூரைகளில் நிற்கும் தட்டு அன்டெனாக்கள் அந்த உயரத்தையே நோக்கி நிற்கின்றன. நமது தீவு பூமத்திய ரேகைக்கு அண்மையிற் கிடப்பதால், நம் தட்டுகள் வானத்தை ஏறக்குறைய அண்ணாந்தே பார்க்கின்றன. இலண்டன் நகரத்துத் தட்டுகளோ சாய்ந்து தெற்கே பார்க்கும்.

அந்தக் கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்தார். இராக்கெட்டைத் தேடியா வந்தார்? இல்லை, கடலைத் தேடி வந்தார். நீரில் மூழ்கும்போது உடலின் பாரம் இல்லாமற் போகிறது. விண்வெளியில் மிதப்பவனின் நிலைக்கு மண்ணுலகிற் கிடைக்கும் மிக நெருங்கிய அனுபவம் அதுவே என்று அவர் கருதினார். தோழர் மைக் வில்சனோடு திருகோணமலைக்கு வந்து, கோணேசர் மலையடியிற் கடலுள் இறங்கினார். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் செதுக்கிய கற்களும் தூண்களும் கடலடியிற் கிடக்கக் கண்டனர். அப்பயணங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1957 இல் வெளிவந்தது. பின்னர் இத்தீவையே தம் வீடாக்கிக்கொண்டு, 2008 மார்ச்சிற் கொழும்பிற் காலமானார்.

சிப்பிக்கு மூழ்கிய நம் முதியவர் கேட்டதும் கிளார்க் தேடியதும் ஒன்றல்லவா? மூச்சை எங்கே வைத்துக்கொள்வது? பாரமற்ற இடத்திற் கையை எப்படி வேலை வாங்குவது? விண்வெளி வீரர்கள் இன்றும் பெரிய நீர்த்தொட்டிக்குள் மூழ்கியே வேலை பழகுகிறார்கள். ஒருவருக்கு நூல் எழுதும் வாய்ப்பு இருந்தது. மற்றவருக்குப் பள்ளிக்கூடமே இருக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

படகோட்டியின் மகனும் கமக்காரர் மகளும்

கடலுக்கு அப்பால் இராமேசுவரத்தைப் பாருங்கள். அங்கே ஜைனுலாப்தீன் என்பவர் மரப்படகு கட்டி, இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகரை ஏற்றி இறக்கினார். நம் ஊர்ப் பாதைக்காரரின் தொழில்தான். ஒரு புயல் அப்படகை அள்ளிக்கொண்டு போயிற்று. அவருடைய மகன், 1931 இற் பிறந்த அப்துல் கலாம், இந்தியாவின் முதலாவது செய்மதி ஏவுகலத்தின் திட்ட இயக்குநரானார். 1979 ஓகஸ்ட் 10 ஆம் நாள் அவ்வேவுகலத்தின் முதற் பயணம் தோல்வியுற்று வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1980 யூலை 18 இல், அதே வகைக் கலம் ரோகிணிச் செய்மதியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல் மறுபடியும் முயலவிட்டார்களே, அதை நம் நாட்டு அதிகார பீடங்கள் கவனிக்கவேண்டும்.

இந்திய விண்வெளி முயற்சி தொடங்கிய இடமும் ஒரு மீனவர் குப்பமே. கேரளத்துத் தும்பா, பூமியின் காந்த மத்திய ரேகைக்கு அருகில் அமைந்திருந்ததால் விக்கிரம் சாராபாய் அதைத் தெரிந்தெடுத்தார். அங்கிருந்த புனித மரிய மதலேனாள் தேவாலயமே அலுவலகமாயிற்று. ஆயரும் மீனவ மக்களும் இடம் கொடுத்தனர். இராக்கெட்டின் பாகத்தை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்றார்கள். 1963 நவம்பர் 21 இல் முதல் இராக்கெட் கிளம்பிற்று. அந்த நாளில் இந்தியாவின் எத்தனை கிராமங்களுக்குப் பாலம் இருந்தது, சொல்லுங்கள்!

எம் முன்னே அமர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் ஒரு முஸ்லிம் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர் நிகார் ஷாஜி. திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியிற் படித்தவர். சூரியனை ஆராய 2023 செப்டெம்பர் 2 இல் இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவரே. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில், பூமியின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் கூடிக் கலத்தைப் பூமியோடு ஒருங்கே சுற்றவைக்கும் ஓரிடத்தை அக்கலம் 2024 சனவரியில் அடைந்தது. அக்கலம் ஏவப்படுவதற்குச் சில நாட்கள் முன், 2023 ஓகஸ்ட் 23 இல், சந்திரனின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன். தமிழிற் பேசி வளர்ந்த மூளைக்கு வானம் எட்டாது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

இதில் நம் தீவுக்கும் ஒரு வேடிக்கையான பங்குண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்முனை நோக்கி ஏவுகலத்தை விட்டால், இலங்கை குறுக்கே கிடக்கிறது. எரிந்து கழிந்த பாகங்கள் மக்கள் தலையில் விழக்கூடாதே! ஆகவே கலம் கிழக்கே ஒதுங்கி வளைந்து செல்லவேண்டும். அதனால் எரிபொருள் வீணாகிறது. இதைத் தவிர்க்கவே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து விட்டால் நேர் தெற்கே கடல்தான். எம்மைப் பொறுத்தவரை, விண்வெளி வரலாற்றில் இலங்கை நெடுங்காலம் செய்த வேலை குறுக்கே கிடந்தது ஒன்றுதான்.

ஒன்று என்று சொல்வது சிறிது மிகை. 2019 இல் நம் நாட்டு இளைஞர் இருவர் யப்பானின் கியூசு தொழில்நுட்பக் கழகத்தில் இராவணா-1 என்ற சிறு செய்மதியை ஆக்கினர். ஒரு கிலோகிராம் அளவே நிறை, கையில் ஏந்தலாம். அவ்வாண்டு யூன் 17 இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அது வெளியே விடப்பட்டது. கோணமலையில் இராவணன் வெட்டைக் காட்டிக் கதை சொல்லும் நமக்கு அப்பெயர் இனிக்கத்தான் செய்யும். பெயரில் மகிழ்ந்ததோடு நின்றுவிட்டோம் என்பதே எமது மனக்குறை.

செய்தி வந்தது, பாதை வரவில்லை

அன்பரின் கேள்விக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26. காலை ஏழு மணிக்குச் சற்று முன்பாகச் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கிழக்குக் கரையை அறைந்தது. கிண்ணியா பட்ட பாட்டை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை, வைத்தியசாலையும் தப்பவில்லை. நாடெங்கும் மாண்டோர் முப்பதாயிரத்துக்கு மேல்.

அலை ஓடிக்கொண்டிருந்தபோதே ஜேசன்-1, தொப்பெக்ஸ் என்னும் இரண்டு செய்மதிகள் ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் உயரத்தில் இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்றன. கடல்மட்டத்தை அளப்பதே அவற்றின் வேலை. ஆழ்கடலில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்த அந்த அலையை அவை பதிந்தும் கொண்டன. வள்ளத்தில் இருப்பவனுக்கு அந்த உயர்வு தெரியவே தெரியாது. அது பல நூறு கிலோமீற்றர் அகலத்துக்குப் பரந்து கிடந்தது. ஆனால் அக்கணக்குகள் விஞ்ஞானிகளின் கைக்குச் சேரப் பல மணி நேரம் ஆயிற்று. உடனே சேர்ந்திருந்தாலும் நமக்குப் பயன்பட்டிராது. செய்மதி கண்டதும் அலை நம் கரையேறியதும் ஏறக்குறைய ஒரே வேளை. ஆகவே செய்மதி நம்மைக் காத்திருக்கும் என்று பொய் சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். நிலம் நடுங்கிக் கால் மணி நேரத்துக்குள், பசுபிக் சமுத்திரத்திலுள்ள எச்சரிக்கை நிலையத்துக்கு நடுக்கம் தெரிந்திருந்தது. அவர்கள் தம் கடலைச் சேர்ந்த நாடுகளுக்கு அறிக்கையும் விடுத்தனர். நமக்குச் சொல்ல ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. நமது பக்கத்திற் கேட்கும் காதும் இருக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்! குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்கு நடந்துபோக அது போதாதா? அறிவு அக்கரையில் இருந்தது. அதை இக்கரைக்கு ஏற்றிவரும் பாதை இருக்கவில்லை.

ஆகவே, அன்பரே, பாலமா சந்திரனா என்று நீங்கள் கேட்டபோது, இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்தீர்கள். நாம் அவ்வாறு வைக்கவில்லை. மிதப்புப் பாதையிற் பிள்ளைகளை ஏற்றும்போது எத்தனை பேரை ஏற்றலாம், சமநிலை எங்கே குலையும், ஆபத்துக்கு மிதவை எங்கே என்று கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். ஏவுகலம் கட்டுவோர் நாள்தோறும் செய்வது அந்தக் கணக்கையே. அந்தப் பழக்கம் வேரூன்றிய நாட்டிற் பாலமும் காலத்தில் முடியும். அது இல்லாத நாட்டிற் சந்திரனுக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த பணத்தாற் பாலம் வந்துவிடுவதில்லை. நாம் சந்திரனுக்கு ஒரு சதமும் செலவிடவில்லையே. பாலம் நேரத்துக்கு வந்ததா?

இன்னொரு துறைமுகமா?

மனிதர் நாளை விண்வெளியிற் குடியேறுவாரா என்று இளைஞர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். செவ்வாயில் ஊர் எழும் என்று பெருஞ் செல்வர்கள் நாட் குறித்துச் சொல்கிறார்கள். எமது ஆயுட்காலத்தில் அது நடக்குமென நாம் நம்பவில்லை. போக ஏழு மாதம் அளவில் வேண்டும். வசதியான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறையே வரும். அங்குள்ள காற்று நம் காற்றில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் கரியமில வாயு. சிப்பிக்கு மூழ்கியவரின் கேள்வி அங்கேயும் காத்திருக்கிறது.

எனினும் மனிதர் அக்கேள்விக்கு அணு அணுவாக விடை தேடுகிறார்கள். 2000 நவம்பர் தொடங்கிச் சர்வதேச விண்வெளி நிலையம் ஆளில்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அங்கே வேர்வையையும் சிறுநீரையுங்கூடத் தூய்மையாக்கி மறுபடி குடிக்கிறார்கள். 2022 இற் சீனரின் விண்வெளி நிலையத்தில் நெல்லை விதைத்து, 120 நாளில் அது மறுபடி கதிர்விட்டு விதை தரக் கண்டார்கள். நான்கு மாத நெல்! வரம்பில்லை, வாய்க்காலில்லை, கிளியும் பன்றியும் இல்லை. உரமானியத்துக்கு வரிசையும் இல்லை. கமக்காரர் சிரிக்கிறீர்கள். ஆனால் ஒரு துளி நீரையும் வீணாக்காமல் நெல் விளைவிக்கும் அந்தக் கணக்கு, சிறுபோகத்துக்கு நீர் போதாமல் வாடும் நமக்கே முதலிற் பயன்படும் என்று நாம் எண்ணுகிறோம்.

எம்மை அச்சுறுத்துவது வேறொன்று. திருகோணமலைத் துறைமுகத்தின் கதை உங்களுக்குத் தெரியும். போர்த்துக்கேயர் 1624 இற் கோயிற் கற்களாற் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் பிடித்தனர். 1782 இற் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். பின்னர் ஒல்லாந்தருக்கே மீண்டது. 1795 இல் ஆங்கிலேயர் பிடித்தனர். அவர்கள் தம் கடற்படைத்தளத்தைக் கையளித்தது 1957 ஒக்தோபரில். ஸ்புட்னிக் வானேறிய அதே மாதம்! உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம், எல்லாரும் விரும்பினர். அதைச் சுற்றி வாழ்ந்தவனிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய பேச்சில் இன்றும் நம் குரல் எங்கே கேட்கிறது?

சந்திரனின் தென்முனையில் நிழல் நீங்காத பள்ளங்களில் உறைந்த நீர் உண்டு. நீர் உள்ள இடம் துறைமுகம் ஆகும். 1967 இன் விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் சந்திரனைத் தன் நிலமென்று உரிமை கோர முடியாது. நல்லது. ஆனால் அமெரிக்கா 2015 இல் இயற்றிய சட்டமோ, அங்கிருந்து தன் குடிகள் எடுக்கும் பொருள் அவர்களுக்கே உரியது என்கிறது. காணி எனதன்று, விளைவு மட்டும் எனது! குத்தகைக் காணி உழுத எவருக்கும் இதன் சூட்சுமம் விளங்கும். 1976 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரிற் பூமத்திய ரேகை நாடுகள் எட்டு கூடி, தம் தலைக்கு மேலுள்ள செய்மதிப் பாதை தமக்கே உரியது என்று பிரகடனம் செய்தன. வல்லரசுகள் அதனை ஏற்கவில்லை. சட்டப்படி அவ்வுரிமை நில்லாது என்றே நாமும் கருதுகிறோம். ஆயினும், வரிசையிற் பிந்தி வருவோருக்கு இடம் எஞ்சுமா என்ற அவர்களின் கேள்வி நியாயமானதே. அந்தப் பேச்சு நடக்கும் மண்டபத்தில் நம் பிள்ளைகள் அமரவேண்டும். அமர வேண்டுமாயின் கணிதமும் பௌதிகமும் சட்டமும் தெரியவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரியதொன்றும் அன்று. கரையோரப் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் இடைவெளியின்றி வேண்டும். புயல், வெள்ளம், ஆழிப்பேரலை பற்றிய எச்சரிக்கை, கொழும்பில் வெளிவரும் அதே நிமிடத்திற் பிழையற்ற தமிழில் இங்கே வரவேண்டும். மறுநாள் மொழிபெயர்த்துத் தரும் எச்சரிக்கை எச்சரிக்கையன்று, இரங்கற் செய்தி. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தொலைநோக்கி வேண்டும். தலைப்பிறை பார்க்க ஊரே கரையிற் கூடும் இடத்தில் அதனை வைத்தாற் போதும். பிள்ளைகள் தாமே வருவார்கள்.

நேரம் ஆறரையைக் கடந்துவிட்டது. தலைவர் நன்றியுரையைச் சுருக்கிக்கொள்ள இசைந்திருக்கிறார். ஏழு மணிக்குச் சற்று முன்பாகச் சர்வதேச விண்வெளி நிலையம் தென்மேற்கில் எழுந்து, நம் தலைக்கு மேலாக வடகிழக்கே செல்லும் எனக் கணித்திருக்கிறார்கள். விடிவெள்ளியைப் போல் ஒளிரும், மினுங்காது, நாலைந்து நிமிடத்தில் மறைந்துவிடும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். மூச்சுக்கு என்ன செய்கிறார்கள் என்பதைக் கரைக்கு நடக்கும்போது சொல்கிறோம். பாதை கட்டும் பழைய இறங்குதுறையில் நின்றால் மரம் மறைக்காது. சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; அங்கே கரை வழுக்கும்.